கறுப்பு பூட்ஸும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக, கேட்டுக்கொண்டபடி எழுத்தில் தருகிறேன்.)



பொருளாளர் என்ற முறையில் என்னை ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரி, ஜெனரேட்டர் டீசல் எல்லாக் கணக்கும் நோட்டீஸ் போர்டில் ஒட்டியாகிவிட்டது. அதை மறுபடி வாசித்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதனால் இன்றைக்கு வேறொரு கணக்கைப் பற்றிப் பேசுகிறேன். சங்க அலுவலகத்தில் 'புகார்கள்' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் என் கையெழுத்தும் ஒன்று இருக்கிறது.

விஷயம் உங்களுக்குத் தெரியும். மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிற பெண், எந்நேரமும் கறுப்பு உடை. கறுப்பு உதட்டுச் சாயம், கறுப்பு நகப்பூச்சு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை. முழங்கால் வரை பூட்ஸ். கழுத்துச் சங்கிலியில் ஒரு வெள்ளி மண்டை ஓடு. 'குழந்தைகள் பயப்படுகிறார்கள், குடியிருப்பின் பெயர் கெடுகிறது, அவருடைய வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்று வீட்டு உரிமையாளரைச் சங்கம் கேட்டுக்கொள்ள வேண்டும்' என்று ஒரு கடிதம். மொத்தம் பதினான்கு கையெழுத்து. ஒன்பதாவது என்னுடையது. ஏன் போட்டேன் என்றால், மேலே எட்டுப் பேர் போட்டிருந்தார்கள். வங்கியில் பழகிய பழக்கம் அது. மேலே எட்டு இனிஷியல் இருந்தால் ஒன்பதாவது ஆள் படிக்க மாட்டான்.

அதே ஃபைலில் இன்னொரு புகாரும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் தெரு முனையில் ஒரு பெரியவர் நின்று பிரசங்கம் செய்வாரே, அவரைப் பற்றி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் தொங்கும் சின்ன ஸ்பீக்கர், கையில் துண்டுப் பிரசுரம். 'சத்தம் தாங்கவில்லை' என்று அதில் எழுதியிருக்கிறது. அதிலும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் ஆறாவது.

கடந்த கார்த்திகையில் ஒரு ஞாயிறு, இந்த இரண்டு புகாரும் நம் கேட் வாசலில் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்டன. சாட்சி நான். கையில் அரை லிட்டர் பால் பாக்கெட்.

தூறல் விட்டிருந்தது. அந்தப் பெண் எங்கிருந்தோ நடந்து வந்துகொண்டிருந்தாள். புதிதாகச் சேர்ந்த வாட்ச்மேன் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "சார், இந்தச் சாமி எப்போ மலைக்குப் போறாங்க?" கார்த்திகை மாதம் கறுப்பு உடுத்தினால் வேறென்ன நினைப்பார்? நம் ஊரில் கறுப்புக்குப் பொருள் ஒன்றல்ல. மாலை போட்டவர் உடுத்தினால் பக்தி. பெரியார் தொண்டர் உடுத்தினால் பகுத்தறிவு. வக்கீல் உடுத்தினால் தொழில். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பாதித் தெரு கறுப்பு புர்காதான், அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் இடம் இருக்கிற ஊரில், இந்தப் பெண்ணின் கறுப்புக்கு மட்டும் நமக்கு அகராதியில் சொல் கிடைக்கவில்லை. அதனால் புகார் எழுதினோம்.

பிரசங்கியார் அவளைப் பார்த்துவிட்டார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கூப்பிட்டார்.

"பாப்பா, ஒரு நிமிஷம் நில்லும்மா."

அவளுக்குத் தமிழ் தெரியாது. சொந்த ஊர் ஷில்லாங். அவள் நின்று, புரியாமல் என்னைப் பார்த்தாள். பிரசங்கியாரும் என்னைப் பார்த்தார்.

"சார், உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வருமே, நான் சொல்றதை அந்தப் பொண்ணுக்குச் சொல்லுங்க."

நான் பி.காம். ஊரிஸ் கல்லூரி. படிக்கிற காலத்தில் கேட்ட ஜெப ஆராதனையோடு சரி, எனக்கும் வேதாகமத்துக்கும் அதிகப் பழக்கம் கிடையாது. நெற்றியில் திருநீறு வேறு. ஆனால் மனசுக்குள் ஒரு கள்ள எண்ணம். நாம் பதினான்கு பேர் எழுத்தில் செய்ய முடியாததை இவர் வாயால் செய்து முடித்துவிட்டால் நல்லதுதானே? சரி என்றேன்.

அவர் ஆரம்பித்தார். "இருட்டை விட்டு வெளிச்சத்துக்கு வரணும்னு சொல்லுங்க."

நான் சொன்னேன்: "ஹீ ஈஸ் ரிக்வஸ்டிங் யூ டு கம் ஃப்ரம் டார்க் டு லைட்."

அந்தப் பெண் அண்ணாந்து தெருவிளக்கைப் பார்த்தாள். இரண்டடி எடுத்து வைத்து, வெளிச்சம் விழுகிற இடத்தில் வந்து நின்றாள். "ஈஸ் திஸ் ஓகே, அங்கிள்?" என்றாள்.

பிரசங்கியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு சீக்கிரம் பலன் கிடைத்து அவருக்குப் பழக்கமில்லை. அடுத்து, பாவம் என்றார். எனக்கு அந்த நேரத்துக்குச் சொல் வரவில்லை. முப்பது வருடம் வங்கியில் இருந்தவன் வாயில் என்ன வரும்? "ஓவர்டியூ" என்றேன். நித்திய ஜீவன் என்றார். "லைஃப்டைம் வேலிடிட்டி" என்றேன். மனந்திரும்ப வேண்டும் என்றார். கொஞ்சம் யோசித்து, "யூ ஷுட் பாஸ் எ ரிவர்சல் என்ட்ரி" என்றேன்.

இதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. இஸ்திரி வண்டிக்காரர், டியூஷன் முடிந்து வந்த பிள்ளைகள், எதிர் வீட்டு மாமி. நான் பிரசங்கியாரின் உதவியாள் என்றே முடிவு செய்துவிட்டார்கள். மறுநாள் காலை நடைப்பயிற்சியில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப சார் மாறினீங்க? வீட்டிலே சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

அப்போதுதான் பிரசங்கியார் கண்ணில் அந்தச் சங்கிலி பட்டது. "இன்னா பாப்பா இது? மண்டை ஓட்டைக் கழுத்துல மாட்டிக்கினு?" என்றார். மொழிபெயர்த்தேன். அவள் சங்கிலியை வெளியே இழுத்துக் காட்டினாள். மண்டை ஓட்டுக்குப் பின்னால் ஒரு சிலுவை. அவளுடைய தாத்தா பிரெஸ்பிட்டேரியன் சபையில் மூப்பராம். ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவளாம். "சிலுவை நட்ட இடத்துக்குப் பெயரே மண்டை ஓட்டு இடம்தானே, அங்கிள்?" என்றாள்.

பிரசங்கியார் வாயடைத்துப் போனார். "கபாலஸ்தலம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கும் உள்ளே ஏதோ இடித்தது. கபாலம் என்றால் என் சாமிக்கும் அதுதானே பெயர்? மயிலாப்பூரில் கபாலீசுவரர் என்று கூப்பிட்டுவிட்டு, இங்கே வெள்ளியில் ஒரு கபாலத்தைக் கண்டு புகார் எழுதுகிறோம். சுடுகாட்டுச் சாம்பலைப் பூசி ஆடுகிறவனைக் கும்பிடுகிற நான், ஒரு பெண்ணின் கண் மையைக் கண்டு மிரண்டிருக்கிறேன். காரைக்கால் அம்மையார், பேய் உருவம் வேண்டும் என்று இறைவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டவர். அவர் போய்ச் சேர்ந்த திருவாலங்காடு, நாம் சென்னைக்குப் போகிற ரயில் பாதையிலேயே, அரக்கோணம் தாண்டி வருகிறது. அறுபத்துமூவர் வரிசையில் அவர் ஒருவருக்குத்தான் உட்கார இடம். அவர் இன்றைக்கு நம் குடியிருப்பில் வீடு கேட்டு வந்தால், பதினான்கு கையெழுத்தும் தயாராக இருக்கும்.

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு சிரிப்புக் கதையாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். பிறகு நடந்ததுதான் விஷயம்.

பேச்சு நின்றுபோனதும் பெரியவர் தலையைக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே இன்னும் குனிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். ஜெபம் செய்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம். எதிர் வீட்டு மாமி கையைக்கூடக் கூப்பிவிட்டார். அவரோ அந்தப் பெண்ணின் பூட்ஸை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தால் லேசாகக் கீறினார். மூக்கருகே விரலை வைத்து முகர்ந்தார்.

"மாட்டுத்தோல். கிரெயின் நல்லா இருக்கு" என்றார். "எங்கே பண்ணது பாப்பா?"

அவள் ஆம்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை செய்கிறாள். காலணி வடிவமைப்பு படித்தவள். அந்த பூட்ஸ், வெளிநாட்டு ஆர்டருக்காக அவளே வரைந்த சாம்பிள். ஒரு மாதம் தானே போட்டு நடந்து பார்த்துக் குறை சொல்வது அவள் வழக்கமாம். இந்த வேலூர் வெயிலில் முழங்கால் வரை பூட்ஸ் போட்டு நடக்கிறாளே, கிறுக்கா என்று நாம் பேசிக்கொண்டோமே, அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் யார் தெரியுமா? ராணிப்பேட்டையில் ஒரு டேனரியில் வாலிபத்திலிருந்து தோல் தரம் பிரித்தவர். பிரசங்கம் ஓய்வுக்குப் பிறகு வந்தது. விரல் மடிப்பில் காட்டினார்: "பாருங்க சார், நடக்கும்போது மடியற இடத்துல நரம்பு மாதிரி கோடு விழுந்திருக்கு. கறுப்பு வேணும்னு மேல்பூச்சை அடிச்சுத் தள்ளியிருக்காங்க. சாயம் உள்ளே இறங்கலை. மேலே பூசின கறுப்பு வெடிக்கும். டிரம்முல ஊறி உள்ளே இறங்கின கறுப்பு வெடிக்காது. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."

இந்த முறை எனக்குச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. தோலைத் தொடாமலே தோல் வியாபாரம் பார்த்தவன் நான். ஆம்பூர் கிளையில் இருந்த காலத்தில் பேக்கிங் கிரெடிட்டும் ஏற்றுமதி பில்லும் என் மேஜையில்தான். ஃபினிஷ், கிரெயின், டிரம் டை, ரிஜெக்ஷன் எல்லாம் எனக்குத் தாய்மொழி மாதிரி. மடமடவென்று சொன்னேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கறுப்பு உதட்டில் அப்படி ஒரு சிரிப்பு. அவளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தாளாம், கேட்பாரில்லையாம். கால் மணி நேரம் இருவரும் பேசினார்கள். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு தையல் பிரிவு அம்மா எட்டிப் பார்த்து, "ஐலெட் வரிசை நேரா வந்திருக்கு, ஆனா தையல் இன்னும் நெருக்கமா போடணும்" என்று தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மகனிடம் கேட்டேன், பிறகு நானே தேடிப் படித்தேன். இந்த நடை உடைக்குப் பெயர் 'காத்'. 1970-களின் கடைசியில் இங்கிலாந்தில் தோன்றியது. 1979-இல் பௌஹாஸ் என்ற இசைக்குழு, டிராகுலா வேடம் போட்ட பழைய நடிகர் ஒருவரைப் பற்றி ஒன்பது நிமிடத்துக்கும் மேல் நீளும் பாட்டு ஒன்றை வெளியிட்டது. 1982-இல் லண்டனில் பேட்கேவ், அதாவது வௌவால் குகை, என்று ஒரு கிளப் திறந்தார்கள். அங்கே கூடியவர்கள் வழியாக இந்த உடை உலகமெல்லாம் போயிற்று. சோகப் பாட்டு கேட்பார்கள், பழங்காலப் பேய்க்கதை படிப்பார்கள், கறுப்பு உடுத்துவார்கள். பேய் பிடித்தவர்கள் அல்லர். நாமும்தான் ராத்திரி பதினோரு மணிக்கு பி.பி.ஸ்ரீநிவாஸின் சோகப் பாட்டைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். நம்மை யாரும் காலி செய்யச் சொல்வதில்லை. சென்னை சாந்தோம் பேராலயம் கட்டப்பட்டிருக்கும் பாணிக்கும் காத்திக் என்றுதான் பெயர். பெயரளவில் பிரசங்கியாருக்கும் அந்தப் பெண்ணுக்கும் தூரத்து உறவு.

தெருப் பிரசங்கமும் அப்படித்தான். 1882-இல் இரட்சணிய சேனைக்காரர்கள் பம்பாயில் வந்து இறங்கித் தெருவில் ஊர்வலம் போனபோது, அமைதிக்குக் கேடு என்று பிடித்து அடைத்தார்கள். அவர்களுடைய தலைவர் டக்கர், வெள்ளைக்காரர், காவி உடுத்தி, ஃபக்கீர் சிங் என்று பெயரும் வைத்துக்கொண்டார். பார்த்தவர்களுக்கு எவ்வளவு விசித்திரமாக இருந்திருக்கும்! இன்னொரு பக்கம், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1847-இல் சைவப் பிரசங்கம் தொடங்கியபோது, கிறிஸ்தவப் பிரசங்க முறையைப் பார்த்துத்தான் அதை அமைத்துக்கொண்டார். ஒருவரை ஒருவர் எதிர்த்தவர்களே ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றிருக்கிறார்கள்.

உடுப்பு விஷயம் விளையாட்டல்ல என்பதை மற்ற ஊர்க்காரர்களைவிட வேலூர்க்காரர்களுக்கு அதிகம் தெரிந்திருக்க வேண்டும். 1806 ஜூலை 10 அதிகாலையில் நம் கோட்டையில் நடந்த புரட்சிக்குக் காரணங்கள் பல. ஆனால் பொறி எது? நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவு. பார்த்தீர்களா, அங்கேயும் தோல்! மதம் மாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று சிப்பாய்கள் அஞ்சினார்கள். நூற்றுக்கணக்கான உயிர் போயிற்று. உத்தரவு போட்ட தளபதி கிராடக்கும், கவர்னர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். ஒருவர் நெற்றியிலும் தலையிலும் என்ன இருக்கலாம் என்று இன்னொருவர் மேஜையில் உட்கார்ந்து எழுதியதன் விலை அது. நாம் எழுதிய கடிதமும் மேஜையில் உட்கார்ந்து எழுதியதுதான்.

நம்முடையது சின்னக் கடிதம், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ஒன்றைப் படித்தேன். 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ஒரு பூங்கா. சோபி லங்காஸ்டர் என்று 20 வயதுப் பெண், காத் உடை. உடன் வந்த காதலனைச் சில பையன்கள் அடித்துக் கீழே தள்ள, அவன் தலையை மடியில் வைத்துக் காப்பாற்றப் பார்த்தாள். அவளையும் மிதித்தார்கள். சில நாளில் இறந்துபோனாள். அவர்களுடைய தோற்றம் வேறாக இருந்தது, அதைத் தவிர வேறு காரணம் இல்லை. 2013-இல் மான்செஸ்டர் வட்டாரக் காவல்துறை, இப்படி உடைக்காக நடக்கும் தாக்குதல்களை வெறுப்புக் குற்றமாகவே பதிவு செய்ய ஆரம்பித்தது. அந்தப் பையன்கள் முதல் நாளே மிதிக்கப் பழகியிருக்க மாட்டார்கள். 'இதுகளைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கு' என்று யாரோ பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பார்கள்.

குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று எழுதினோம். எந்தக் குழந்தை என்று விசாரித்தேன். ஒருவர் வீட்டிலும் பதில் இல்லை. முதல் மாடிக் குட்டிப்பெண் மட்டும், "தாத்தா, அந்த அக்காகிட்ட கறுப்பு நெயில் பாலிஷ் வாங்கித் தர்றீங்களா?" என்று கேட்டாள். பயந்தது நாம். குழந்தைகளின் பெயரில் கணக்குத் திறந்து, நம் பயத்தை அதில் வரவு வைத்திருக்கிறோம்.

வருகிற மாதம் அவளுடைய வாடகை ஒப்பந்தம் முடிகிறது. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறார். அவள் இதுவரை பராமரிப்புத் தொகையை ஒரு மாதம்கூடத் தாமதமாகக் கட்டியதில்லை. பொருளாளர் என்ற முறையில் சொல்கிறேன், கையெழுத்துப் போட்ட பதினான்கு பேரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

பிரசங்கியாரிடமும் பேசினேன். ஸ்பீக்கர் சத்தத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். யாரும் இதுவரை நேரில் வந்து கேட்கவே இல்லையே சார் என்றார். வாஸ்தவம்தான். நாம் ஃபைலில்தானே எழுதினோம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் முடிந்ததும் அந்தப் பெண் ஒரு புது சாம்பிளைக் கொண்டுவந்து அவரிடம் காட்டுகிறாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏதாவது குறை சொல்கிறார். அவள் இன்னும் கறுப்புதான் உடுத்துகிறாள். அவர் இன்னும் வெளிச்சத்துக்கு வரச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். மொழிபெயர்ப்புக்கு நான் போகிறேன். வீட்டில் சொல்லிவிட்டேன்.

வணிகவியல் படித்தவர்களுக்குத் தெரியும். பேரேட்டில் தவறாகப் பதிந்துவிட்டால் அழிக்கக் கூடாது, மேலே வெள்ளை பூசவும் கூடாது. எதிர்ப்பதிவுதான் போட வேண்டும், தேதியோடும் விவரத்தோடும். அதனால் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அது ஃபைலில் இருக்கட்டும். அதன் கீழேயே இன்றைய தேதியில், ஒன்பதாம் எண் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி ஒப்பமிட்டிருக்கிறேன். கீழே இடம் விட்டிருக்கிறேன், பதின்மூன்று பேருக்குப் போதும். பேனா ஃபைலோடு கட்டியிருக்கிறது.